பச்சை நிறத்தை நம்பியதால் வந்த வினை: உங்கள் கிட் குறித்த புகார்

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: கார்பன் டை ஆக்ஸைடு கிட்டுடன் தரப்படும் வழிமுறைத் தாளில் உள்ள பிழைகள், பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். மீன் தொட்டியில் வளரும் செடிகளுக்குக் கார்பன் டை ஆக்ஸைடு கொடுக்க உங்களிடம் வாங்கிய கிட் பற்றி நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டுக்கும் ஒரே பதில்தான் வந்தது: “டிராப் செக்கர் பச்சையாக இருந்தால் மீன்களுக்கு ஆபத்து இல்லை.” தண்ணீரில் எவ்வளவு கார்பன் டை ஆக்ஸைடு இருக்கிறது என்று நிறத்தால் காட்டும் அந்த டிராப் செக்கர் பச்சையாகத்தான் இருந்தது. மீன்கள்தான் பிழைக்கவில்லை. அதனால் இந்த முறை நடந்ததை முழுவதுமாக எழுதுகிறேன்.

என்னுடையது 40 லிட்டர் தொட்டி. ரோட்டாலா, கிரிப்டோகோரைன், ஒரு கட்டையில் கட்டிய ஜாவா ஃபெர்ன் ஆகிய செடிகள், 8 நியான் டெட்ரா மீன்கள், கொஞ்சம் செர்ரி இறால். வாயு சிலிண்டர் வாங்கும் அளவுக்குப் பெரிய தொட்டி இல்லை என்பதால்தான் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போதும் என்ற உங்கள் கிட்டை வாங்கினேன்.

பொருட்களைக் குறை சொல்ல மாட்டேன். வாயுவைத் தண்ணீரில் கலக்கும் டிஃப்யூசர், பவுடர் தூவியது போல நுண்ணிய குமிழிகளை விடுகிறது. 2 லிட்டர் சோடா பாட்டிலில் 200 கிராம் சர்க்கரையும் கால் டீஸ்பூன் ஈஸ்ட்டும் போட்ட அன்று மாலையே குமிழி வர ஆரம்பித்துவிட்டது. குறை எல்லாம் அந்த ஒற்றைத் தாளில்தான்.

முதலில் சின்ன விஷயம். ஈஸ்ட் முறை, சிட்ரிக் அமிலமும் சமையல் சோடாவும் சேர்க்கும் முறை என்று இரண்டையும் அச்சிட்டுவிட்டு, கீழே பொதுவாக “இரவில் நீடில் வால்வை மூடிவிடவும்” என்று போட்டிருக்கிறீர்கள். சிட்ரிக் அமிலத்துக்கு அது சரி. வாயுவின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் அந்த வால்வை மூடினால், சமையல் சோடா இருக்கும் பாட்டிலுக்குள் அமிலம் இறங்குவது நின்றுவிடும். ஈஸ்ட்டுக்கு ஏது இரவும் பகலும்? சர்க்கரை இருக்கும்வரை அது வாயுவை விட்டுக்கொண்டேதான் இருக்கும். நான் தாளை நம்பி மூடினேன். நள்ளிரவில் டப்பென்று ஒரு சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால் மூடியிலிருந்து குழாய் பிடுங்கிக்கொண்டு கிடக்கிறது. சுவர் முழுக்க நுரை, அறை முழுக்கப் புளித்த மாவு வாடை. குழாய் பிடுங்கியதால் தப்பித்தேன். இல்லாவிட்டால் பாட்டிலே வெடித்திருக்கும். தண்ணீர் குழாய் வழியாகத் திரும்பி வராமல் தடுக்கும் செக் வால்வ் நன்றாக வேலை செய்ததால் தொட்டித் தண்ணீர் தரைக்கு வரவில்லை. அதற்கு நன்றி.

உங்கள் உதவி எண்ணுக்கு அழைத்தபோது, “அப்போ திறந்தே வைங்க சார், செக்கர் பச்சையா இருந்தா போதும்” என்றார்கள். இரவில் ஏர் பம்பைப் போட்டுவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். டிராப் செக்கரைப் பற்றித் தாளில் இருக்கும் வரி இது: “தொட்டித் தண்ணீரை நிரப்பி, மூன்று சொட்டு மருந்து விடவும். நீலமாக இருந்தால் பச்சை வரும்வரை குமிழிகளைக் கூட்டவும்.” அப்படியே செய்தேன். மூன்றாம் நாள் ரோட்டாலாவின் இலை நுனிகளில் முத்து முத்தாக ஆக்சிஜன் குமிழி கோத்திருந்தது. செடிகள் போதும் போதும் என்கின்றன, செக்கரோ நீலமாகவே இருக்கிறது. தாள் சொன்னபடி இரண்டாவது பாட்டிலையும் இணைத்தேன். அடுத்த நாள் சாயங்காலம் பச்சை வந்துவிட்டது. நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

காலையில் எல்லா டெட்ராக்களும் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. இறால்கள் ஓரமாக மல்லாந்து கிடந்தன. செக்கர் அப்போதும் பச்சைதான், கொஞ்சம் வெளிறிய பச்சை. குழாயை எடுத்துவிட்டு, ஏர் பம்பைப் போட்டு, பாதித் தண்ணீரை மாற்றினேன். ஒரு மணி நேரத்தில் 5 டெட்ரா தெளிந்தன. மற்ற மூன்றும் இறால்களும் போய்விட்டன. அம்மோனியாவாக இருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். தண்ணீரை மாற்றுவதற்கு முன்பே எடுத்து வைத்ததைச் சோதித்தேன், பூஜ்ஜியம்.

அதே தண்ணீரில் கார்பனேட் கடினத்தன்மையையும் (கரைந்திருக்கும் கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு) பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. என் தண்ணீரில் அது 12 டிகிரி. டிராப் செக்கரில் ஊற்ற வேண்டியது தொட்டித் தண்ணீரே அல்ல. காய்ச்சி வடித்த நீரில் சமையல் சோடாவைக் கரைத்துச் சரியாக 4 டிகிரிக்குக் கொண்டுவந்த கரைசல். அதில்தான் பச்சை நிறம் லிட்டருக்கு ஏறக்குறைய 30 மில்லிகிராம் கார்பன் டை ஆக்ஸைடைக் குறிக்கும். அதே பச்சை 12 டிகிரித் தண்ணீரில் வர வேண்டுமானால் மூன்று மடங்கு, கிட்டத்தட்ட 90 மில்லிகிராம் இருக்க வேண்டும். அதாவது, 30 இருந்தபோது என் செக்கர் நீலம் காட்டியது; கூட்டு என்றது உங்கள் தாள். போதாக்குறைக்கு இரவில் செடிகளும் கார்பன் டை ஆக்ஸைடையே வெளியிடும். மென்மையான தண்ணீர் உள்ளவர்களுக்கு இதற்கு நேர்மாறு: வாயு போதவே போதாது, செக்கர் மட்டும் பச்சையாகச் சிரிக்கும். ஒரே வரியில் இரண்டு பக்கமும் தப்பு செய்ய முடியும் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். கிட்டின் விலையைத் திருப்பித் தாருங்கள். மீன்களுக்குக் காசு கேட்கவில்லை. அந்தத் தாளைத் திருத்துங்கள், ஒரு சின்னக் குப்பியில் 4 டிகிரிக் கரைசலையும் கிட்டோடு வையுங்கள். முக்கியமாக, ஏற்கெனவே வாங்கியவர்கள் எல்லாருக்கும் உடனே செய்தி அனுப்புங்கள். யாரோ ஒருவர் இன்று ராத்திரியும் பச்சை வரும்வரை கூட்டிக்கொண்டிருப்பார்.

ரசீது, தாளின் படம், சோதனை முடிவுகளின் படங்கள் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பிடம் போவேன். பதிலில் அந்தப் பழைய ‘பச்சையாக இருந்தால்’ வரியை மட்டும் தயவுசெய்து மறுபடி அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்