நியூத்திரன் விண்மீனைத் தாங்குவது எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரப் பௌதிகவியல் குறிப்புகளிலும் பத்திரிகைகளின் அறிவியல் பக்கங்களிலும் ஒரே விளக்கம் திரும்பத் திரும்ப வருகிறது: பெரிய விண்மீனின் அகம் சுருங்கி எஞ்சும் நியூத்திரன் விண்மீன் முழுக்க நியூத்திரன்களால் ஆனது, பவுலியின் தவிர்ப்புத் தத்துவத்தால் (இரு நியூத்திரன்களோ இரு இலத்திரன்களோ ஒரே நிலையில் இருக்க முடியாது என்பது) எழும் அமுக்கமே அதைத் தாங்குகிறது. இரண்டுமே திருத்தப்பட வேண்டியவை.

1939இல் பௌதிகவியலாளர்கள் ஒப்பன்ஹைமரும் வொல்கொஃபும் அந்த அமுக்கத்தை மட்டும் வைத்துக் கணித்தார்கள். கிடைத்த உச்சத் திணிவு சூரியனின் 0.7 மடங்குதான். ஆனால் அளக்கப்பட்ட நியூத்திரன் விண்மீன்கள் பல 1.4 மடங்கை அண்டியிருக்கின்றன. ஜே0740+6620 என்ற துடிப்பு விண்மீன் (சுழலும்போது துடிப்புகளாகக் கதிர்வீச்சு வந்துசேரும் நியூத்திரன் விண்மீன்) ஏறத்தாழ 2.08 மடங்கு. மிகுதிச் சுமையைத் தாங்குவது வலிய கருவிசை. அணுக்கருவைக் கட்டிவைக்கும் அதே விசை, துணிக்கைகள் மிக நெருங்கியதும் தள்ளத் தொடங்கிவிடும். அந்தத் தள்ளலின் வலிமையை அறியத்தான் இவற்றின் ஆரையை இவ்வளவு பாடுபட்டு அளக்கிறார்கள். இரு நியூத்திரன் விண்மீன்கள் ஒன்றிணைந்தபோது எழுந்து 2017 ஆகஸ்ட் 17இல் பதிவான ஈர்ப்பலை இதற்குப் பெரிதும் உதவியது.

உள்ளே இருப்பவை நியூத்திரன்கள் மட்டுமல்ல. ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தடிப்பான மேலோட்டில் அணுக்கருக்களும் இலத்திரன்களும் உண்டு. அகத்திலும் சில சதவீதம் புரோத்தன்களும் அதே அளவு எதிரேற்றத் துணிக்கைகளும் (பெரும்பாலும் இலத்திரன்கள்) இருக்கின்றன. இந்தச் சில சதவீதம் இல்லாவிட்டால் விண்மீனே நிலைக்காது. தனித்த நியூத்திரன் சராசரியாக 15 நிமிடங்களுக்குள் தேய்ந்து புரோத்தனும் இலத்திரனுமாகிவிடும். அப்போது இலத்திரனுக்குக் கிடைக்கக்கூடிய சக்தி அதிகபட்சம் 0.78 மில்லியன் இலத்திரன் வோல்ற்று. அகத்திலோ ஏறத்தாழ 100 மில்லியன் வரையான நிலைகளெல்லாம் ஏற்கெனவே நிரம்பிவிட்டன. புது இலத்திரனுக்கு இடமில்லை. அதனால் தேய்வும் இல்லை. பவுலியின் தத்துவம் செய்யும் மிக அழகான வேலை இதுதான் என்போம். குறிப்புகளில் இதைக் காணோம்.

கணக்குக்கு வருவோம். திணிவு 2.8×10³⁰ கிலோகிராம், ஆரை 12 கிலோமீற்றர் என்று கொள்ளுங்கள். விட்டம் ஏறத்தாழ கொழும்புக் கோட்டையிலிருந்து பாணந்துறை வரையான நேர்கோட்டுத் தூரம். சராசரி அடர்த்தி கன மீற்றருக்கு 3.9×10¹⁷ கிலோகிராம். நியூட்டனின் சூத்திரப்படி மேற்பரப்பு ஈர்ப்பு ஆர்முடுகல் 1.3×10¹² மீ/செ²; இங்கே அது போதாது. சார்பியல் திருத்தம் சேர்த்தால் 1.6×10¹² ஆகும். தப்பல் வேகம் ஒளி வேகத்தின் 59 சதவீதம். தொலைவில் உள்ள மணிக்கூட்டில் ஒரு மணித்தியாலம் கழியும்போது மேற்பரப்பில் இருப்பது ஏறத்தாழ 48½ நிமிடமே காட்டும்.

சுழற்சிக் கணக்கில் வேறொரு சறுக்கல். சூரியனே இந்த ஆரைக்குச் சுருங்குவதாகக் கொண்டு, அதன் முழு ஆரையையும் 25 நாள் சுழற்சியையும் இட்டு, கோண உந்தக் காப்பைப் (சுருங்கும் பொருள் வேகமாகச் சுழலும் என்ற விதியை) பிரயோகித்தால் ஒரு சுழற்சிக்கு 0.0006 செக்கன் வரும். மத்தியகோட்டிலிருந்து பொருள் சிதறும் எல்லை அது. உண்மையில் சுருங்குவது முழு விண்மீனல்ல, ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் அகலமான இரும்பு அகம் மட்டுமே. நண்டு நெபுலாவிலுள்ள துடிப்பு விண்மீன் செக்கனுக்கு 30 தடவை சுழல்கிறது. அறியப்பட்டவற்றுள் அதிவேகமானது 716 தடவை. அந்த வேகம் பிறவியில் வந்ததல்ல, துணை விண்மீனிலிருந்து விழுந்த பொருளால் ஏறியது.

"ஒரு தேக்கரண்டி எடுத்தால் 190 கோடித் தொன்" என்ற எண் சரி. ஆனால் எடுக்க முடியாது. வெளியே வந்த கணமே அமுக்கம் நீங்கிவிடும். கரண்டியிலுள்ள, ஒளி வேகத்தின் மூன்றிலொரு பங்கில் அலையும் நியூத்திரன்கள் வெடித்துப் பரவும். பரவியவை தேயத் தொடங்கும். கரண்டிக் கதையைச் சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

மாணவர் பக்கத்தில் மேற்கண்ட கணக்கை, கொண்ட திணிவும் ஆரையும் குறிப்பிட்டு, படிப்படியாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

உயர்தரப் பௌதிகவியல் ஆசிரியர்கள் சிலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06