மாத்திரைக்குப் பின்னால் இருந்தவர்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயோடு போராடிய டாக்டர் சிட்னி ஃபார்பரைப் பற்றி ஞாயிறு பதிப்பில் அரைப்பக்கம் போட்டிருந்தீர்கள். நல்ல கட்டுரைதான். ஆனால், அவர் கையில் அதற்கான மருந்தைக் கொடுத்தவர் பெயர் ஓரிடத்திலும் இல்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்லலாமா?

1895இல் பீமவரத்தில் பிறந்த தெலுங்கர் அவர். கதர் உடுத்தி அறுவைக் கூடத்துக்குப் போனது வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு ஆகவில்லை. அதனால், எம்.பி.பி.எஸ். கிடைக்கவேண்டியவருக்கு அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. ஹார்வர்டில் பெரிய ஆராய்ச்சிகள் செய்தும் அங்கே வேலை நிரந்தரமாகவில்லை. 1940இல் லெடர்லி மருந்துக் கம்பெனிக்குப் போனார். அவருடைய குழு அங்கே ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அந்தச் சத்தைக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு நோய் இன்னும் வேகமெடுக்கிறது என்று ஃபார்பருக்குப் பட்டது. அப்படியானால் அதைத் தடுத்தால்? ஃபோலிக் அமிலம் போலவே வேஷம் போட்டு உள்ளே புகுந்து, புற்றுநோய் அணுக்களைப் பெருக விடாமல் மறிக்கும் அமினோப்டெரின் என்ற மருந்து, சுப்பாராவின் லெடர்லியிலிருந்து பாஸ்டனில் இருந்த ஃபார்பருக்குப் போனது. 16 பிள்ளைகளில் 10 பேர் தேறினார்கள். சில மாதங்களுக்குத்தான், நோய் திரும்பிவிட்டது. ஆனாலும் அதுவரை அந்தச் சில மாதங்களைக்கூட எந்த மருந்தும் கொடுத்ததில்லை. 1948 ஜூனில் இதைப் பற்றிய ஃபார்பரின் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். வயது 53.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் 31 ஆண்டுகள் டிரெசராக, அதாவது தோட்டத்து மருத்துவ உதவியாளராக இருந்தவன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் பிள்ளைத்தாச்சிப் பெண்களுக்கு ஃபோலிக் அமிலம் கொடுப்பேன். யானைக்கால் கிருமி இருக்கிறதா என்று ராத்திரியில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் விரலைக் குத்தி ரத்தம் எடுத்து, இருப்பவர்களுக்கு ஹெட்ராசான் கொடுப்போம். அதுவும் சுப்பாராவ் தலைமையில் லெடர்லியில் பிறந்த மருந்துதான். இரண்டும் ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. எனக்கு அப்போது இது எதுவும் தெரியாது, வெட்கமாகத்தான் இருக்கிறது.

இப்போது எங்கள் அடுத்த வீட்டுப் பையன், ஆறு வயது, ரத்தப் புற்றுநோய்க்கு ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறான். அமினோப்டெரினுக்குத் தம்பியான மெத்தோட்ரெக்சேட் அவனுக்கு வாரம் ஒரு நாள், வெள்ளிக்கிழமை. அவன் சித்தி முழுகாமல் இருக்கிறாள். அவளுக்குத் தினமும் ஃபோலிக் அமிலம். இரண்டும் சின்ன மஞ்சள் நிற மாத்திரை. மாறிப்போனால் விபரீதம். பாட்டிக்கு எழுத்து தெரியாது. பேரனுடையதை மைலோ டின்னில் போட்டுச் சிவப்புத் துணியால் கட்டி வைத்திருக்கிறார். அப்படியும் வெள்ளி தவறாமல் வேலி ஓரம் வந்து கையை நீட்டுவார்: "டிரெசர் ஐயா, இது தம்பியோடதுதானே? சின்னவளோடது இல்லையே?"

அந்த இரண்டு மாத்திரைக்கும் பின்னால் நிற்கிற மனிதருக்கு உங்கள் பத்திரிகையில் கால் பக்கமாவது ஒதுக்குங்கள். படம் இல்லையென்றால், 1995இல் இந்திய அஞ்சல் துறை அவருக்கு வெளியிட்ட தபால்தலை என்னிடம் இருக்கிறது. படம் பிடித்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட டிரெசர்,
சுங்கை சிப்புட், பேராக்.