செவலைக் கன்னு

கண்ணு,

நேற்று போனில் பாப்பாவுக்கு வாய் ஜாஸ்தியாகிவிட்டது என்று நீ சொன்னபோதே பதில் சொல்லியிருப்பேன், அவள் பக்கத்தில் நிற்பது தெரிந்ததால் பேச்சை மாற்றிவிட்டேன். நீயும் இதை ஆபீஸ் அவசரத்தில் இல்லாமல் ஆற அமரப் படி.

போன லீவுக்கு வந்தபோது திண்ணையில் உட்கார்ந்து மாடு வரைந்தாளே, ஞாபகம் இருக்கிறதா? வெள்ளை மாட்டுக்குப் பக்கத்தில் செவப்பாக ஒரு கன்னு. தாய் ஒரு கலர், கன்னு ஒரு கலரா, அழித்துவிட்டு ஒழுங்காக வரை என்றாய். அவள் வரைந்ததுதான் சரி சாமி. காங்கேயம் கன்னு பிறக்கும்போது செவலையாகத்தான் இருக்கும், ஆறு மாசம் போல ஆனால்தான் நிறம் மாறி வெளுக்கும். காலையிலிருந்து கட்டுத்தரையில் நின்று கன்னைப் பார்த்துப் பார்த்து வரைந்தவளை, தோட்டத்திலேயே வளர்ந்த நீ போய்த் திருத்துகிறாய்! அவள் ஒன்றும் பேசவில்லை, சிவப்புக் கிரையானை டப்பாவில் போட்டு மூடினாள். அப்புறம் ஊருக்குக் கிளம்புகிற வரைக்கும் எதையும் வரையவில்லை.

சீருக்குப் போன இடத்தில் கன்னத்தைக் கிள்ளிய பெரியவரிடம் "வலிக்குதுங்க, கிள்ளாதீங்க" என்றாளாம், அதற்குப் பேர் எதிர்த்துப் பேசுவதா? இதைவிட மரியாதையாக எப்படித்தான் சொல்வது? பெரியார் பிறந்த ஊர் என்று பெருமையடிக்க நம் ஈரோட்டுக்காரர்களுக்குச் சலிப்பதே இல்லை, வீட்டில் ஏழு வயசுப் பிள்ளை வாயைத் திறந்தால் மட்டும் ஒருத்தருக்கும் பொறுக்காது.

நான் டீச்சர் வேலையில் இருந்தபோது படித்தது ஒன்று சொல்கிறேன். 1989-ல் ஐ.நா. கொண்டுவந்த குழந்தை உரிமை உடன்படிக்கையில் நம் நாடும் 1992-ல் சேர்ந்தது. அதில் 12-வது பிரிவு, தன்னைப் பற்றிய விஷயத்தில் பிள்ளை தன் கருத்தைச் சொல்லலாம், வயசுக்கும் பக்குவத்துக்கும் தக்கபடி பெரியவர்கள் அதற்கு மதிப்புக் கொடுக்கணும் என்கிறது. கேட்டதையெல்லாம் செய்து கொடு என்று அதில் எங்கேயும் இல்லை, அந்தப் பயம் உனக்கு வேண்டாம். ராத்திரி பத்து மணிக்குச் செல்போன் வேணும் என்றால் கிடையாது என்று சொல். கோபத்தில் கொஞ்ச நேரம் அழுவாள், அழட்டும், சத்தம் வரக்கூடாது என்று மட்டும் மிரட்டாதே.

அப்புறம், பாட்டு கிளாஸில் சேர்க்கப் போவதாக உன் வீட்டில் சொன்னாள். பணம் கட்டுவதற்கு முன்னால் பாப்பாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவளுக்குக் கராத்தேதான் வேணுமாம், என்னிடம் எப்போதோ சொல்லிவிட்டாள்.

அம்மா