நீ வரை, நான் எழுதுகிறேன்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அன்றைக்கே பதில் போட்டிருந்தால் "சரி, எப்போது கிளம்பலாம்?" என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். கொஞ்சம் ஆறப்போட்டு எழுதுவோம் என்றுதான் இத்தனை தாமதம். திட்டாதே.

முதலில் வீட்டுச் சேதி. எல்லாரும் நலம். மகள் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டாள். அவள் அறை இப்போது என் எழுதும் அறை; அங்கே எழுதுவதைவிடத் தூங்குவதுதான் அதிகம். முழங்கால் பரவாயில்லை. ஏறுவதில் சிக்கல் இல்லை, இறங்கும்போதுதான் முனகுகிறது. இரண்டு கைத்தடி வைத்துக்கொண்டால் போதும் என்றார் மருத்துவர். நீ கண்ணாடி மாற்றியதாக எழுதியிருந்தாயே, தூரத்து மலையும் மடியில் இருக்கிற தாளும் ஒரே கண்ணாடியில் தெரிகிறதா? இல்லையென்றால் இப்போதே சரிசெய்துகொள். கையுறை போட்டுக்கொண்டு கண்ணாடியை மாற்றி மாற்றி மாட்ட முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். காடு மலை என்று ஒரு நீண்ட பயணம், அதிலிருந்து நீ வரைய நான் எழுத ஒரு புத்தகம் என்கிறாய். ஆசை எனக்கும் இருக்கிறது. ஆனால் இப்படிக் கிளம்புகிறவர்களில் பாதிப் பேர் பயணத்தை முடித்துவிட்டு வேலையைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். கணவாய் தாண்ட வேண்டியவனுக்கு நிற்க நேரமில்லை, வரைகிறவனுக்கு நகர மனமில்லை. இரண்டையும் ஒரே பகலுக்குள் எப்படி அடக்குவது என்பதுதான் என் யோசனை முழுவதும்.

இதை அழகாகச் செய்துகாட்டிய இரண்டு பேர் உண்டு. ஜெனீவாவைச் சேர்ந்த நிக்கோலா பூவியே, தியரி வெர்னே. பள்ளிக்கால நண்பர்கள். முன்னவர் எழுத்தாளர், பின்னவர் ஓவியர். 1953-இல் ஃபியட் டோப்போலீனோ என்ற குட்டிக் காரில் கிழக்கே கிளம்பினார்கள். கையில் இரண்டு வருட அவகாசம் இருந்தது, பணம் நான்கு மாதத்துக்குத்தான் இருந்தது. யூகோஸ்லாவியா, துருக்கி, ஈரான், பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் என்று போனார்கள். மேடு வந்தால் வண்டிக்கு மூச்சு வாங்கும், இறங்கித் தள்ள வேண்டும். பனி அடைத்துக்கொண்டதால் ஒரு குளிர்காலம் முழுக்க ஈரானின் தப்ரீஸ் நகரத்திலேயே இருந்துவிட்டார்கள். பணம் தீரும்போதெல்லாம் வெர்னே ஓவியம் விற்பார், பூவியே கட்டுரை எழுதுவார், இல்லையென்றால் பாடம் சொல்லிக்கொடுப்பார்.

எனக்கு இதில் பிடித்தது, அவர்களுடைய நிதானம் கொள்கையால் வந்தது மட்டுமல்ல என்பது. வண்டி மெதுவாகப் போனது, அதனால் அவர்களும் மெதுவாகப் போனார்கள். காசில்லாமல் தங்கினார்கள், தங்கிய இடத்தில் வேலை நடந்தது. நீ அனுப்பிய திட்டத்தில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தூரம் போட்டிருக்கிறாய், எங்கே சும்மா உட்காருவோம் என்று ஒரு வரிகூட இல்லை. அந்தக் காகிதத்தைப் பார்த்தால் ஓவியன் போட்ட திட்டம் போலவே இல்லை, போ.

பூவியேவுக்கு நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாகிஸ்தானின் குவெட்டாவில் தங்கியிருந்தபோது, தப்ரீஸ் குளிர்காலத்தில் அவர் எழுதிவைத்த தாள்களை விடுதி ஊழியர் குப்பை என்று நினைத்து அள்ளிப் போட்டுவிட்டார். இரண்டு நண்பர்களும் குப்பைமேட்டைக் கிளறித் தேடினார்கள். சில துண்டுகள்தான் மிஞ்சின. கடைசியில் புத்தகம் வெளிவந்தது 1963-இல், அதுவும் எழுதியவரின் சொந்தச் செலவில், வெர்னேயின் ஓவியங்களோடு. பிரெஞ்சுப் பயண எழுத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்று அதை விட்டுவிட்டுப் பேசுவதில்லை. இருவரும் ஆப்கானிஸ்தானில் பிரிந்து, வெர்னே இலங்கைக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டார். பின்னாலேயே போன பூவியே அங்கே காலி என்ற ஊரில் நோயும் தனிமையுமாக மாதக்கணக்கில் கிடந்தார். அந்த நாட்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் வர அதிலிருந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆனது. திரும்பி வந்த ஆறே மாதத்தில் நம் புத்தகம் அச்சுக்குப் போகும் என்று நீ எழுதியதைப் படித்துவிட்டுச் சிரித்தேன், கோபித்துக்கொள்ளாதே.

குவெட்டா கதையிலிருந்து ஒரு வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். தினமும் இருட்டுவதற்குள் உன் ஸ்கெட்ச் நோட்டிலும் என் நோட்டிலும் அன்றைய பக்கங்களை போனில் படம் எடுத்து, இரண்டு மெமரி கார்டில் ஏற்றி, உன் பையில் ஒன்று என் பையில் ஒன்று போட்டுவிடுவேன். ஒரு பை ஆற்றோடு போனாலும் மற்றது இருக்கும்.

இன்னொரு ஜோடியின் கதை வேறு மாதிரி. 1935-இல் பீகிங்கிலிருந்து காஷ்மீர் வரை சுமார் ஏழு மாதம் சேர்ந்து போன ஆங்கில எழுத்தாளர் பீட்டர் ஃபிளெமிங்கும் சுவிஸ் எழுத்தாளர் எலா மையாரும் (Ella Maillart). ஃபிளெமிங், ஜேம்ஸ் பாண்டை எழுதியவருக்கு அண்ணன். அவருக்கு எப்போதும் அவசரம், மையாருக்கு வழியெல்லாம் தங்கிப்போக ஆசை. அப்படியும் பயணம் முடிந்தது, சண்டை போட்டுப் பிரியவில்லை. ஆனால் புத்தகம் மட்டும் இரண்டாக வந்தது, ஆளுக்கு ஒன்று. இரண்டுமே நல்ல புத்தகங்கள், அது வேறு விஷயம். இருவரும் எழுதுகிறவர்கள் என்பதால் ஒரே நாளை இரண்டு பேரும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நம்மிடம் அந்தச் சிக்கல் வேண்டாம். நீ எழுதாதே, நான் வரைய மாட்டேன். உன் மலைக்குப் பக்கத்தில் அதே மலையின் போட்டோவைப் போட்டால் வாசகர் இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டிருப்பார், அதனால் கேமராவையும் விட்டுவிடுகிறேன். ஒரு சின்ன ரெக்கார்டர் மட்டும் வருகிறது. மைக்குக்குப் பஞ்சு உறை போடாவிட்டால் மலையில் காற்றின் இரைச்சலைத் தவிர வேறெதுவும் பதிவாகாது, அதையும் வாங்கிவிட்டேன்.

தமிழிலேயே எழுத்தாளர்கள் சிட்டியும் தி.ஜானகிராமனும் காவேரிக் கரையோடு போய் ஒரே புத்தகமாக எழுதியிருக்கிறார்களே, அது எப்படி என்று நீ கேட்பாய். முடியும்தான். அதற்கு அவர்களைப் போல இரண்டு பேர் வேண்டும். நாம் ஒரு வாழ்த்து அட்டைக்கு வாசகம் எழுதவே அரை நாள் சண்டை போட்டவர்கள்.

படகா நடையா என்று கேட்டிருந்தாய். படகில் கை இரண்டும் துடுப்பில் இருக்கும், பகலில் உன்னால் ஒரு கோடு போட முடியாது. தாள் ஈரமாகும், சுழல் வந்தால் நினைப்பெல்லாம் அதில்தான். ஆனால் சுமை படகுமேல் இருப்பதால் சாயங்காலம் முதுகு பிழைத்திருக்கும். சைக்கிளில் நினைத்த இடத்தில் காலை ஊன்றி நிற்கலாம், அது பெரிய வசதி. இறக்கம் வந்துவிட்டால் யாரும் நிற்க மாட்டார்கள், அங்கேதான் நல்ல காட்சிகளெல்லாம் போய்விடும். நடையில் கண்ணுக்கு முழுச் சுதந்திரம், உடம்புக்குத்தான் கிடையாது. எட்டு மணி நேரம் சுமை தூக்கி நடந்தவன் கூடாரத்துக்குள் போய் எழுதுவான் என்பதெல்லாம் நடக்காத காரியம். ஷூவைக் கழற்றும்போதே கண் சொக்கிவிடும்.

இருந்தாலும் என் ஓட்டு உயர மலைப் பாதைக்குத்தான். காரணம் கொஞ்சம் வேடிக்கையானது. 3,000 மீட்டருக்கு மேலே போய்விட்டால் இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மேலே போகாமல் அதே உயரத்தில் தங்க வேண்டும் என்பது மலையேற்ற மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. மீறினால் தலைவலி, வாந்தி, அதற்கும் மேலே போனால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொள்ளும். ஆக, நிற்கச் சொல்லி மலையே உத்தரவு போடுகிறது. அந்த நாட்களைத்தான் நாம் வேலை நாட்களாக வைத்துக்கொள்ள வேண்டும். "இன்னும் கொஞ்சம் போயிருக்கலாமே" என்ற அரிப்பு இல்லாமல் நீ காலை முதல் மாலை வரை ஒரே பாறையின் முன்னால் உட்காரலாம். நடக்கிற நாட்களில் இருவருக்கும் ஆளுக்கு ஒரு பக்கம், அதற்குமேல் கேட்கக்கூடாது.

உயரத்தில் ஓவியச் சாமான் படுத்தும் பாடு உனக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். சுமார் 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் பாதிதான். மேலே போகப் போக இங்க் பேனாவுக்குள் இருக்கும் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும், சட்டைப் பை நீலமாகிவிடும். நிப்பை மேலே பார்த்து வைத்தால் ஓரளவு தப்பிக்கலாம், நான் பென்சிலோடு நிறுத்திக்கொள்கிறேன். பூஜ்யத்துக்குக் கீழே போனால் வாட்டர்கலர் தாளிலேயே உறைந்து பூப்பூவாகப் படியும். சிலர் அதற்காகவே தண்ணீரில் கொஞ்சம் வோட்கா கலந்துகொள்கிறார்கள். நீ அந்த வோட்காவைத் தாளுக்குத்தான் செலவழிப்பாய் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

தென்துருவம் வரை போன ஆங்கிலேயர் ஸ்காட்டின் அண்டார்டிகா பயணங்களில் எட்வர்ட் வில்சன் என்ற மருத்துவர் ஓவியராகவும் இருந்தார். வெளியே குளிரில் பென்சிலால் மட்டும் வரைவார், எந்த இடத்தில் என்ன நிறம் என்று ஓரத்தில் எழுதிக்கொள்வார், குடிலுக்கு வந்த பிறகு வண்ணம் தீட்டுவார். நாம் இரண்டு பேர் இருப்பதால் இதை இன்னும் சுலபமாகச் செய்யலாம். நீ தாளிலிருந்து பென்சிலை எடுக்காமல் நிறத்தை வாயால் சொல், நான் எழுதிக்கொள்கிறேன். "நிழல் கறுப்பில்லை, ஊதா, கீழே வரவரப் பழுப்பு" என்று நீ சொல்லச் சொல்ல என் நோட்டில் ஏறட்டும். பிறகு அதிலிருந்து நீ வண்ணத்தை எடு, நான் வாக்கியத்தை எடுக்கிறேன். நம் கூட்டு வேலை உண்மையில் நடக்கப்போகும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். மற்ற நேரமெல்லாம் நீ உன் பாட்டுக்கு, நான் என் பாட்டுக்கு.

ஒரு விதி மட்டும் கண்டிப்பாக வேண்டும். ஆபத்து விஷயத்தில் வேண்டாம் என்கிறவன் பேச்சுதான் செல்லும், காரணம் கேட்கக்கூடாது. நீ தேடுகிற சாய்ந்த வெயில் மாலையில்தான் வரும், கணவாயில் மேகம் திரள்வதும் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான். அந்த வெளிச்சத்துக்காக மேலே காத்திருப்போம் என்று நீ கெஞ்சுவாய், எனக்குத் தெரியும். மதியத்துக்குள் கணவாயைத் தாண்டிக் கீழே வந்துவிட வேண்டும். சாயங்கால வெயிலைப் பள்ளத்தாக்கிலிருந்து அண்ணாந்து பார்த்து வரை.

பெயர் விஷயத்தையும் இப்போதே பேசிவிடுவோம். 1940-இல் அமெரிக்க நாவலாசிரியர் ஸ்டைன்பெக்கும் அவருடைய உயிரியலாளர் நண்பர் எட் ரிக்கெட்ஸும் ஒரு மீன்பிடிப் படகில் கலிஃபோர்னியா வளைகுடாவைச் சுற்றிக் கடலோர உயிரினங்களைச் சேகரித்தார்கள். 1941-இல் வந்த புத்தகத்தில் இரண்டு பேர் பெயரும் இருந்தது. ரிக்கெட்ஸ் 1948-இல் ரயில் மோதி இறந்துபோனார். 1951-இல் பயணக் கதைப் பகுதி மட்டும் தனியாக வந்தபோது ஆசிரியர் ஸ்டைன்பெக் மட்டும்தான். அந்தக் கதையில் பெரும்பகுதி ரிக்கெட்ஸ் தினமும் எழுதிவைத்த குறிப்புகளிலிருந்து வந்தது. நண்பரைப் பற்றி ஸ்டைன்பெக் அதே பதிப்பில் நீளமாக எழுதிச் சேர்த்தார் என்பது உண்மைதான், இருந்தும் எனக்கு மனசு ஆறவில்லை. நம் புத்தகத்தில் இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்தில், எந்தப் பதிப்பு வந்தாலும். உன் பெயர் முதலில் இருக்கட்டும், படம் பார்த்துத்தான் யாரும் வாங்குவார்கள்.

பெரிய பயணத்துக்கு முன்னால் பக்கத்தில் எங்காவது ஒரு சின்ன மலைக்கு இதே பை, இதே நோட்டோடு போய்ப் பார்ப்போம். மழை பெய்தால் நல்லது, எது நனைகிறது என்று தெரிந்துவிடும். பக்கங்கள் தேறாவிட்டால் பயணத்தை மட்டும் வைத்துக்கொண்டு புத்தகத்தை விட்டுவிடலாம், எனக்கு வருத்தமில்லை.

எந்த மாதம் உனக்குத் தோது என்று எழுது. அப்புறம் கூடாரம் இரண்டு கொண்டுபோகிறோம், எடை கூடினாலும் பரவாயில்லை. எழுதுகிறவனுக்குத் தனிமை வேண்டும் என்று வெளியே சொல்லிக்கொள்வோம். உன் குறட்டைதான் காரணம் என்று உனக்கும் தெரியும், உன் மனைவிக்கும் தெரியும்.

அன்புடன்,
உன் நண்பன்