பேரனின் இரண்டாவது பெயர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம்.

ஆண் குழந்தை என்று தெரிந்ததிலிருந்து, தன் குடும்பத்துக் கொள்ளுத்தாத்தாவின் ஜெர்மன் பெயரான கொட்ஹில்ஃப் என்பதை வைக்க வேண்டும் என்று மாப்பிள்ளை கேட்பதாகவும், உனக்குத் துளியும் இஷ்டமில்லை என்றும் எழுதியிருந்தாய். கிழவர் பெயர், பள்ளியில் கேலி செய்வார்கள் என்கிறாய். உன் பயம் நியாயம்தான். ஆனாலும் அந்தப் பெயரை ஒரேயடியாகத் தள்ளிவிடாதே.

ஜெர்மனியில் நீ இருக்கிற லைப்சிக்கிலிருந்து ஹாலே நகரம் ரயிலில் அரைமணிதானே? அங்கே போதகர் ஆகஸ்ட் ஹெர்மான் ஃபிராங்கே 1698இல் அடிக்கல் நாட்டிய அநாதை இல்லக் கட்டடமும் அவர் தொடங்கிய பள்ளிகளும் இன்றும் இருக்கின்றன. அவர் மகன் பெயர் என்ன தெரியுமா? கொட்ஹில்ஃப் ஆகஸ்ட் ஃபிராங்கே. ஹாலேயில் படித்த மிஷனரி சீகன்பால்கு 1706இல் நம் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது அந்தப் பையனுக்குப் பத்து வயது. 1727இல் அப்பா இறந்த பிறகு ஹாலே நிறுவனங்களின் பொறுப்பு மகனுக்கு வந்தது. இங்கிருந்த மிஷனரிமார் கடிதம் எழுதினதும் உதவி கேட்டதும் அவரிடம்தான். 1769இல் இறக்கும்வரை நம் சபைக்காக உழைத்த மனிதர். நாம் ஞாயிறுதோறும் போகிற புதிய எருசலேம் ஆலயத்துக்கும் உன் பிள்ளையின் பெயருக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கிறது என்று நினைத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

லுத்தரன் சபைக்குள் அப்போது எழுந்த பக்தி எழுச்சியில், அதாவது பியட்டிசத்தில், பிறந்த வழக்கம் இது. புனிதர்களின் பெயர்களை விட்டுவிட்டு, சொந்த மொழியிலேயே ஜெபம் போலப் பெயர் வைத்தார்கள். ட்ரவுகொட் என்றால் கடவுளை நம்பு, லேபரெஷ்ட் என்றால் நேர்மையாக வாழ். வாட்டர்லூவில் நெப்போலியனை எதிர்த்த தளபதி ப்ளூஷரின் பெயரிலும் லேபரெஷ்ட் உண்டு. உன் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் பாடம் சொன்ன கவிஞர் கெல்லர்ட்டின் நடுப்பெயர் ஃப்யூர்ஷ்டெகொட், கடவுளுக்குப் பயப்படு. அவர் பாட்டுகளுக்கு பீத்தோவன் இசையமைத்திருக்கிறார். காலம் போகப் போக அந்த வழக்கம் தேய்ந்து, இப்போது பிறக்கிற குழந்தைக்கு இப்படி வைப்பவர்கள் அபூர்வம்.

கொட்ஹில்ஃப் என்றால் கடவுளின் உதவி. உன் தாத்தா பெயர் தேவசகாயம். இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

கேலிக்கு வழி அந்த ஊர் வழக்கத்திலேயே இருக்கிறது. இரண்டு மூன்று பெயர் வைத்து, அதில் ஒன்றைத்தானே கூப்பிடுகிறார்கள்? தர்க்கவியல் மேதை ஃபிரேகேவுக்கு ஃபிரெட்ரிஷ், லுட்விக், கொட்லோப் என்று மூன்று பெயர். மூன்றாவதுதான் நிலைத்தது. அதனால் கூப்பிடுகிற பெயரை உன் மனதுக்குப் பிடித்தபடி வை. கொட்ஹில்ஃப் இரண்டாவதாக இருக்கட்டும். பெரியவனானதும் எதை முன்னால் வைப்பது என்று அவனே பார்த்துக்கொள்வான்.

பிறந்த ஒரு வாரத்துக்குள் பதிவு அலுவலகத்தில் சொல்ல வேண்டுமாமே. பெயர் முடிவாகாவிட்டால் ஒரு மாதம் வரை தருவார்கள் என்றாலும், பிரசவ அசதியோடு இதற்காக நீங்கள் சண்டை போடக் கூடாது. இப்போதே பேசி முடித்துவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. இதே பெயரைச் சிலர் கொட்ஹெல்ஃப் என்றும் எழுதுவார்கள். கொள்ளுத்தாத்தா எப்படி எழுதினார் என்று மாப்பிள்ளையிடம் கேட்டுச் சொல். நம் குடும்ப வேதாகமத்தின் முதல் பக்கத்தில் அப்பா எழுதக் காத்திருக்கிறார்.

அன்புடன்,
அம்மா