முள்ளுக்குட்டி வருகிறது

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ விட்டுப்போன கள்ளிச்செடி பூத்துவிட்டது. இந்த முறை நிஜப் பூ! புதுச்சேரியில் ஒரு நர்சரியில் வாங்கினோமே, அப்போது உச்சியில் சிவப்பாக ஒன்று இருந்தது. மூன்று வாரமாக வாடவேயில்லை என்று பெருமைப்பட்டாய். இழுத்துப் பார்த்தால் அடியில் பசை. அந்தத் தழும்பு, செடி வளர வளரப் பக்கவாட்டில் இறங்கிவிட்டது. தலையைச் சுற்றி இப்போது வட்டமாகப் பதினோரு இளஞ்சிவப்புப் பூ, ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு. வெயில் ஏறினால் விரிகிறது, சாயங்காலம் மூடிக்கொள்கிறது. அம்மா காபி டம்ளரோடு போய் எண்ணிவிட்டு வருகிறாள்.

இதன் ஜோடியைக் கொன்றது நான்தான். கத்தரிக்கு ஊற்றுகிற மாதிரி தினம் ஒரு சொம்பு ஊற்றினேன். ஒரு நாள் தொட்டால், அழுகிய வாழைப்பழம் போல விரல் உள்ளே போனது. அப்புறம்தான் இதை மண்தொட்டிக்கு மாற்றினேன். பாதிக்கு மேல் ஆற்று மணல், உடைத்த செங்கல், ஒரு கை மக்கிய எரு. தேவனாம்பட்டினம் மணலை அள்ளலாமா என்று பார்த்தேன், உப்பாச்சே, விட்டுவிட்டேன். ஐப்பசி மழை பிடித்ததும் மாடியிலிருந்து கிழக்கு ஜன்னலுக்கு இறக்கினேன். தை வரை ஏறக்குறையப் பட்டினி. அந்தப் பட்டினிதான் பூக்க வைத்தது என்பது என் கணக்கு. குளிரும் இருந்தால் இன்னும் நன்றாகப் பூக்குமாம். இங்கே மார்கழியிலும் ஃபேன் ஓடுகிறது; புனேயில் உனக்கு அந்தக் கவலை இல்லை.

கள்ளி வீட்டுக்கு ஆகாது என்று அத்தை இன்னும் முணுமுணுக்கிறாள். அவள் சொல்வது வேலியில் நிற்கிற சதுரக்கள்ளி. இது மெக்சிகோ பக்கத்துச் செடி, அதற்கு உறவே இல்லை. சொன்னால் கேட்கிறாளா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அடியில் விட்டிருந்த குட்டி ஒன்றைத் திருகி எடுத்து, நாலு நாள் நிழலில் காயவைத்து, சித்தப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். நட்டபின் ஒரு வாரம் தண்ணீர் காட்டாதே. அப்புறம் ஊதுபத்திக் குச்சியை மண்ணில் செருகிப் பார். ஈரமில்லாமல் வந்தால் மட்டும் ஊற்று. முள்ளுக்கிடையில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு நகர்ந்தால் மாவுப்பூச்சி. ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்துவிடு.

செய்தித்தாளில் நாலு சுற்று சுற்றியிருக்கிறேன். கையால் பிரிக்காதே. உன் மேசை டிராயரில் கிடந்த இடுக்கியையும் கூடவே வைத்திருக்கிறேன்.

அப்பா