குடியுரிமைக் கையேட்டின் ஒரு பத்தியைத் திருத்தித் தாருங்கள்

மதிப்புக்குரிய அமைச்சர் அவர்களுக்கும், குடியுரிமைக் கையேட்டை எழுதித் திருத்தும் பொறுப்பிலுள்ள அதிகாரிகளுக்கும்,

வணக்கம். ஸ்காபரோவில் ஒரு மாடிக் குடியிருப்பின் கீழ்த்தளப் பொது அறையில், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்தோறும், கனடியக் குடியுரிமைத் தேர்வுக்கு ஆயத்தமாகும் தமிழர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். இது பதினோராவது ஆண்டு. 2009இல் வெளியான உங்கள் கையேடுதான் எங்களுக்குப் பாடநூல் என்பதால் அதன் வரிகள் எனக்கு ஏறத்தாழ மனப்பாடம். அதிலுள்ள ஒரு பத்தியைப் பற்றியே இந்த மடலை எழுதுகிறேன்.

2024 நவம்பர் 4ஆம் திகதி, மரி சின்கிளேர் காலமானார். பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துத் தங்கவைத்த வதிவிடப் பள்ளிகளில் நடந்ததை ஆராய்ந்த உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவின் தலைவராக அவர் செய்த பணி என்னவென்று உங்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அடுத்த ஞாயிறு வகுப்பில், அவரை நினைத்தே, வதிவிடப் பள்ளிகளைப் பற்றிய பத்தியை எடுத்து வாசித்தோம். 1800களிலிருந்து 1980கள்வரை பூர்வகுடிப் பிள்ளைகள் பலரை மத்திய அரசு அந்தப் பள்ளிகளில் சேர்த்தது என்று அது தொடங்குகிறது. வாசித்து முடித்ததும், முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்யும் மாணவி ஒருவர் கையை உயர்த்தினார்.

"ரீச்சர், புத்தகத்திலை எண்பதுகளோடை முடிஞ்சுதெண்டு கிடக்கு. என்னோடை வேலை செய்யிற அவ தொண்ணூற்று மூண்டிலையும் அங்கைதான் இருந்தவவாம். சோதினைக்கு வந்தால் நான் எதைக் குடுக்கிறது?"

அவர் குறிப்பிட்ட பெண் சஸ்காச்சுவானில் பிறந்த, கிறீ என்ற பூர்வகுடி இனத்தவர். வயது நாற்பதைச் சற்றுத் தாண்டியவர். ஒருநாள் தேநீர் இடைவேளையில் என் மாணவியின் கையில் இந்தக் கையேட்டைக் கண்டு வாங்கிப் பார்த்திருக்கிறார். அந்தப் பக்கத்தில் சற்று நேரம் நின்று, ஆண்டின்மேல் விரலை வைத்து, தான் அங்கிருந்த ஆண்டைச் சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். வேறொன்றும் பேசவில்லையாம். என் மாணவி தன் பிரதியை எனக்குக் காட்டினார். பத்தியின் ஓரத்தில், பென்சிலால், சிறிய எழுத்தில் "அவ 1993" என்று எழுதியிருந்தார்.

தேர்வில் இருபது கேள்விகள். பதினைந்துக்குச் சரியான விடை வேண்டும். கையேட்டில் உள்ளதே சரியான விடை. ஆகவே, புத்தகத்தில் உள்ளபடியே விடை கொடுங்கள் என்று அவருக்குச் சொன்னேன். அப்படிச் சொன்ன கணத்தில் எனக்கு நேர்ந்த வெட்கம் இன்னும் தீரவில்லை. இந்த நாட்டின் குடிமகளாக விரும்பி வந்திருப்பவரிடம், உங்களுக்குப் பக்கத்தில் நின்று காய்கறி நறுக்குகிறவரின் வாழ்க்கையை மறந்துவிட்டு அச்சில் உள்ளதை நம்புங்கள் என்று சொல்லும் நிலையில் என்னை வைத்திருப்பது உங்கள் பத்திதான்.

சஸ்காச்சுவானில் இருந்த கோர்டன் வதிவிடப் பள்ளி 1996இல்தான் மூடப்பட்டது என்பது அரசின் ஆவணங்களிலேயே உள்ள செய்தி. பிழை ஆண்டில் மட்டும் இருந்திருந்தால் இத்தனை நீளமாக எழுதியிருக்க மாட்டேன். அந்தப் பள்ளிகளுக்குப் போதிய பணம் கொடுக்கப்படவில்லை, மாணவர்கள் துன்பப்பட்டார்கள், சிலர் உடல்ரீதியாக வதைக்கப்பட்டார்கள், 2008இல் ஒட்டாவா மன்னிப்புக் கேட்டது என்றெல்லாம் சொல்லும் பத்தி, பிள்ளைகள் அங்கே இறந்தார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. ஏறத்தாழ 1,50,000 பிள்ளைகள் அவற்றில் வைக்கப்பட்டார்கள். 3,200க்குக் குறையாத மரணங்களை ஆணைக்குழு பதிவுசெய்தது. உண்மையான தொகை அதனிலும் அதிகம் என்றும் கூறியது. காசநோய் அந்தப் பிள்ளைகளைக் கொன்றுகொண்டிருப்பதை அரசின் மருத்துவ அதிகாரி பீட்டர் பிரைஸ் 1907ஆம் ஆண்டிலேயே அறிக்கையாக எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான், 1920இல், பிள்ளைகளை அனுப்ப வேண்டும் என்று பெற்றோரைக் கட்டாயப்படுத்தும் சட்டத் திருத்தம் வந்தது. ஒரு நாடு தெரிந்தே செய்ததற்கும் தெரியாமல் செய்ததற்கும் உள்ள வேறுபாடு இந்த இரண்டு ஆண்டுகளுக்கு இடையில் கிடக்கிறது. அது புதிய குடிமக்களுக்குத் தெரிய வேண்டாமா?

ஆணைக்குழு 2015இல் முன்வைத்த 94 செயலுக்கான அழைப்புகளில் 93ஆவது, புதிதாக வருவோருக்கான தகவல்களையும் குடியுரிமைத் தேர்வையும் பூர்வகுடி மக்களின் வரலாறு உள்ளடங்குமாறு, உடன்படிக்கைகளையும் வதிவிடப் பள்ளிகளையும் சேர்த்து, திருத்தும்படி கேட்டது. ஒன்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. 94ஆவது அழைப்பையொட்டிக் குடியுரிமை உறுதிமொழி 2021இல் மாற்றப்பட்டது, அதற்காக நன்றியோடிருக்கிறேன். முதற்குடிகள், இனுயிட், மேட்டி ஆகிய மக்களின் பூர்வகுடி உரிமைகளையும் உடன்படிக்கை உரிமைகளையும் ஏற்று உறுதிசெய்யும் அரசியலமைப்பைப் பேணுவோம் என்று இன்று நாங்கள் கையுயர்த்திச் சொல்கிறோம். ஆனால் அந்த உடன்படிக்கைகள் சில வேளைகளில் முழுமையாக மதிக்கப்படவில்லை என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறது கையேடு. ரொறன்ரோ எழுந்த நிலத்துக்காக 1787இலும் 1805இலும் மிசிசாகா பூர்வகுடி மக்களோடு செய்துகொண்ட ஒப்பந்தம் நியாயமாக நடக்கவில்லை என்ற உரிமைகோரல், 2010இல்தான், 145 மில்லியன் டொலர் இழப்பீட்டோடு தீர்ந்தது. இந்த நகரத்தில் வாடகை கொடுத்து வாழும் என் மாணவர்களில் ஒருவருக்கும் அது தெரியாது. தெரியாத ஒன்றுக்கு எப்படி உறுதிமொழி கொடுப்பது?

செப்டெம்பர் 30ஆம் திகதி அலுவலகங்களில் செம்மஞ்சள் சட்டை அணிகிறார்கள். 1973இல் ஃபிலிஸ் வெப்ஸ்டாட் என்ற ஆறு வயதுச் சிறுமியிடமிருந்து, பாட்டி வாங்கிக் கொடுத்த புதுச் சட்டையை வதிவிடப் பள்ளியின் முதல் நாளிலேயே பறித்துக்கொண்டதை நினைவுகூரும் சட்டை அது. கூட்டங்களின் தொடக்கத்தில் இது யாருடைய நிலம் என்று வாசிக்கிறார்கள். நினைவுகூர்வதற்கு இத்தனை ஏற்பாடு செய்த அரசுக்கு, தன் கையாலேயே அச்சிட்ட ஒரு பத்தியைத் திருத்த ஏன் நேரம் வரவில்லை என்று கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். 1981இல் எங்கள் பொது நூலகம் எரிந்தபோது பள்ளி மாணவி. எங்களைப் பற்றி அரைகுறையாக எழுதப்பட்ட வரலாற்றைச் சோதனைக்காக மனப்பாடம் செய்து, வீட்டுக்கு வந்து அப்பாவிடம் மறுபாதியைக் கேட்டு வளர்ந்தவள். தை மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக இந்த நாட்டின் நாடாளுமன்றம் 2016இல் ஏற்றபோது அழுதேன். எங்கள் பிள்ளைகள் இங்கே சனிக்கிழமைகளில் தமிழ் படிக்கிறார்கள். இதே மண்ணில், தன் தாய்மொழியில் பேசியதற்காகப் பிள்ளைகள் அடிவாங்கினார்கள் என்பதை நாங்கள் அறியாமல் இருந்தால், எங்களுக்குக் கிடைத்த மதிப்பின் அருமையும் எங்களுக்குத் தெரியாது. கனடியர் ஆவது என்பது இந்த நாட்டின் பெருமையில் மட்டும் பங்குகேட்பதாக இருக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

கடுமையாகச் சொன்னவை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முழுக் கையேட்டையும் புதிதாக எழுத ஆண்டுகள் ஆகும் என்றால் ஆகட்டும். அதுவரை இந்த ஒரு பத்தியையாவது திருத்தித் தாருங்கள், ஆண்டைச் சரிசெய்யுங்கள், பிள்ளைகள் இறந்தார்கள் என்று எழுதுங்கள். அந்தப் பள்ளிகளில் இருந்து மீண்டவர்களே அந்த வரிகளை எழுதட்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

என் மாணவிக்குத் தேர்வு தை மாதத்தில் வருகிறது. அதற்குள் நடக்காது என்று அறிவேன். மாசியில் அடுத்த வகுப்பு தொடங்கும்; பதினான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். திருத்திய பக்கம் வரும்வரை, பழைய பக்கத்தின் ஓரத்தில் 1990கள் என்று பென்சிலால் எழுதிக்கொள்ளும்படி அவர்களுக்குச் சொல்லப்போகிறேன்.

இப்படிக்கு,
குடியுரிமைத் தேர்வு வகுப்பின் தொண்டர் ஆசிரியை,
ஸ்காபரோ